நாற்பத்தோராம் பக்கத்தில் ஒன்றுமில்லை

தள்ளாத வயதிலும் தமிழைத் தள்ளாத தலைவர் மொக்கையன் ஐயா அவர்களே, முழங்கால் வலியை முன்வரிசையில் நீட்டி அமர்ந்திருக்கும் மூத்தோரே, அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அரங்கை நிறைத்திருக்கும் அன்னையரே, ஆரப்பாளையத்தில் பஸ் வரும்வரை மின்விசிறிக்கு அடியில் இலக்கியம் வளர்க்க வந்த பெருமக்களே, உங்கள் பொறுமைக்கு முன்கூட்டியே என் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, ‘விசித்திரக் கதைகளும் நானும்’. நான் படித்த முதல் விசித்திர நாவலில் முற்றுப்புள்ளியே கிடையாது. உசிலம்பட்டிக்குப் பெண் பார்க்கப் போகிற பஸ்ஸில் படித்தேன். வாக்கியம் முடியட்டும், இறங்குவோம் என்றிருந்தேன். வாக்கியம் முடியவில்லை, உசிலம்பட்டி முடிந்துவிட்டது. பேரையூரில் கண்டக்டர் தோளைத் தட்டி, “அண்ணே, பஸ்ஸு இதுக்கு மேல போகாது. பொஸ்தகம் போகுமா?” என்றார்.

அடுத்த நாவலில் கதையைச் சொல்கிறவனே செத்துப்போனவன். அதற்கடுத்ததில் நாயகனுக்குப் பக்கத்துக்குப் பக்கம் பெயர் மாறியது. ரேஷன் கார்டில் என் பெயரே அப்படித்தான் என்பதால் எனக்கு வியப்பில்லை.

பின்வரிசையில் யாரோ “புரிஞ்சுச்சாண்ணே?” என்கிறார். பாதி புரியவில்லை, மாப்ள. உன் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேரை உனக்குத் தெரியாது. பந்தியிலிருந்து எழுப்பிவிட்டாயா? தெரியாதவருக்கும் இலை போடுகிற ஊர், புரியாத கதைக்கு ஓர் இலை போடாதா?

இப்படி மேடைதோறும் முழங்கிய மாவீரன், இன்று வெளியாகும் விழா மலரின் ஆசிரியன், என்ன செய்தேன் தெரியுமா? அதைச் சொல்லக் கூடாது என்று நேற்றுச் செயற்குழுவில் தீர்மானமே போட்டார்கள். ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

ஒத்தக்கடைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சொல்லித் தரும் சரண்யாதேவி மலருக்கு ஒரு கதை தந்தார். புதிதாக வேலைக்கு வந்த பெண் வாடகைக்கு வீடு பார்க்கிறாள். வீட்டுக்காரம்மா மாடியைக் காட்டுகிறார், போர்த் தண்ணீர் இனிக்கும் என்கிறார், காபி தருகிறார். நாற்பதாம் பக்கத்தின் கடைசி வரியில் கேட்கிறார்: “அம்புட்டும் சரிம்மா. நீங்க என்ன ஆளுக?”

எதிரே நாற்பத்தோராம் பக்கம். வெள்ளை. ஓர் எழுத்து இல்லை. புரட்டினால், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்குகிறாள்.

அச்சகத்திலிருந்து போன். “சார், நாப்பத்தொண்ணு காலியாக் கெடக்கு.” கதையை நான் வாசித்தேனா? வாசித்தேன், முதல் பக்கத்தை. மீதியைப் பாராட்டினேன். காலி இடத்தைக் கண்டால் கை அரிக்கும் மலர்க்குழு ஆள் அல்லவா? “விளம்பரம் ஒண்ணு மிச்சம் நிக்கிதுல்ல, அதத் தூக்கிப் போடுங்க” என்றேன். அது, இதோ முன்வரிசையில் வீற்றிருக்கும் அசோக்குமார் அண்ணனின் திருமணத் தகவல் நிலைய விளம்பரம். வாசிக்கிறேன்: ‘அனைத்துச் சமூகத்தாருக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு.’

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், அச்சான மலரைப் பார்த்துவிட்டுச் சரண்யாதேவி போனில் கூப்பிடும்வரை.

“அண்ணே, அந்தப் பொண்ணு அந்தப் பக்கத்துல ஒண்ணும் சொல்லலையே. நீங்க ஏன் சொன்னீங்க?”

“மறந்து விட்டுட்டியோன்னு நெனச்சேம்மா.”

“நான் எட்டு வீடு ஏறி எறங்கியிருக்கேன். எட்டுலயும் எதையாச்சும் சொல்லிட்டுத்தான் வந்தேன். கதையிலயாச்சும் சொல்லாம நிக்கலாம்னு பாத்தேன். இப்படியேதான் வெளியிடுவீங்கன்னா, என் கதையக் கிழிச்சு எடுத்துட்டு வெளியிடுங்க.”

செயற்குழுவில் முறையிட்டேன். தலைவர் ஐயா அன்பாகத்தான் சொன்னார்: “பாண்டியராஜா, வெத்துத் தாளுக்காக வெளம்பரம் குடுத்தவுகளப் பகைக்கவா? பிழைதிருத்தம்னு ஒரு துண்டுச்சீட்டு வச்சிருவோம்.”

வெற்றுத் தாளா ஐயா அது? ஊர் கேட்கிறது, பள்ளி கேட்கிறது, பந்தி கேட்கிறது, பக்கத்து வீடு கேட்கிறது. பதில் சொல்லிச் சொல்லியே நாத் தேய்ந்தவர் நடுவில் ஒருத்தி, ஒரு பக்கம் முழுக்கப் பேசாமல் நிற்கிறாள். அவளை நிற்க விட முடியாதா நம்மால்? கேட்ட கேள்வி கேட்ட இடத்திலேயே கிடந்து நாறட்டும் என்று விட்டுவிட நமக்குத் துணிவில்லையா? விசித்திரமாக எழுதுகிறார்கள், விசித்திரமாக எழுதுகிறார்கள் என்கிறோமே, விசித்திரம் அந்த வெள்ளைப் பக்கத்திலா இருக்கிறது? நாற்பதாம் பக்கத்தின் கடைசி வரியில் இருக்கிறது!

உட்காருங்கண்ணே, அசோக்குமார் அண்ணே. உங்கள் விளம்பரத்தை இனி யாரும் படிக்க முடியாது. முந்நூறு மலரிலும் அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியாயிற்று. இன்று காலையிலிருந்து நானும் என் மனைவி தமிழ்ச்செல்வியும் ஒட்டினோம், விரல் இன்னும் பிசுபிசுக்கிறது. தலைவர் ஐயா, நகத்தால் கிளறாதீர்கள். நல்ல பசை. உரித்தால் பின்பக்கத்தில் அவள் படி இறங்குவதும் சேர்ந்து கிழியும்.

மலராசிரியர் பதவியைப் பறிப்பதென்றால் பறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் எவர் எதை நிரப்பவும் விடமாட்டேன். முதல் பிரதியைப் பெறுபவர் அசோக்குமார் என்று அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. பெறுபவர் மாறுகிறார். சரண்யாதேவி, மேலே வாம்மா.

கைதட்டுகிறவர்களுக்கும் கைகட்டி முறைக்கிறவர்களுக்கும் ஒரே அளவு நன்றி, ஒரே அளவு வணக்கம். செயலாளர் விக்ரம் அறிமுகக் குறிப்போடு மைக்கை நோக்கி வருகிறார். எந்த ஊர், யார் மகள் எல்லாம் அதில் இருக்கும். மடித்துப் பையில் வைங்க தம்பி. பெயர் போதும்.