ஆறு கட்டில் ரூம்

அக்கா: கையை எடு. கீபோர்டுலருந்து கையை எடுடா!

தம்பி: ஒரே ஒரு பட்டன்தான்க்கா. அழிச்சுட்டு எழுந்துடறேன்.

அக்கா: எதை?

தம்பி: என் சாஃப்ட்வேரை. நெட்லருந்தே மொத்தமா தூக்கிடறேன்.

அக்கா: இலவசம், யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா உள்ள திறந்து பார்க்கலாம்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சே...

தம்பி: திரிஞ்சேன். போதுமா?

அக்கா: அம்மா போயி, அவ துணியைக்கூட இன்னும் எடுத்து வைக்கல. அதுக்குள்ள என்ன அவசரம்?

தம்பி: அம்மாவாலதான் அவசரம். அம்மா இருந்த ஆஸ்பத்திரியில நீ கிருமித்தடுப்பு நர்ஸ். எந்த ரூமுக்குக் கிருமி பரவும்னு இதை வச்சுத்தானே பார்த்தீங்க?

அக்கா: ஆமா. ஆறு கட்டில் டயாலிசிஸ் ரூமுக்குப் பயமில்லேன்னு சொல்லுச்சு.

தம்பி: அங்க படுத்துத்தானே அம்மாவுக்குத் தொத்துச்சு? தப்பா சொல்லியிருக்கு.

அக்கா: என்ன தப்பு?

தம்பி: ஆறு பேர் ஒரே ரூம்ல மணிக்கணக்கா படுத்திருந்தா அது ஒரு கூட்டம். கூட்டத்துல பரவுற வேகமே வேற. அதைக் கணக்குல எடுக்கத்தான் இதை எழுதினதே. ஆனா பெரிய கூட்டம் வந்தா மெஷின் திணறுச்சு. அதனால ரெண்டு ரெண்டு பேரா உடைச்சுப் பார்க்கிற மாதிரி நடுவுல ஒரு வரி போட்டேன். அப்புறம் எடுத்துடலாம்னு...

அக்கா: எடுக்கல.

தம்பி: மறந்துட்டேன்.

அக்கா: என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. மறந்துதான் போச்சா?

தம்பி: ...ஒருத்தன் முன்னாடியே எனக்கு நெட்ல எழுதியிருந்தான்க்கா. ‘தூக்கமூஞ்சி’ன்னு பேர் போட்டு. பெரிய கூட்டத்துக்கு விடை குறைச்சலா வருது, கொஞ்சம் பாருங்கன்னு.

அக்கா: நீ என்ன சொன்னே?

தம்பி: தப்பெல்லாம் இல்ல, முதல்ல ஒழுங்கா படிச்சுட்டு வாங்கன்னு... ஓட்டிக்கூடப் பார்க்கல. அவ்வளவு திமிரு.

அக்கா: இப்ப அழிச்சுட்டா? ஏற்கெனவே எடுத்து வச்சிருக்கிற ஆஸ்பத்திரியெல்லாம் இதை நம்பி இன்னும் ஆளைப் படுக்க வச்சுக்கிட்டிருக்கும். முதல்ல அவங்களுக்குச் சொல்லு.

தம்பி: சொன்னா... பெத்தவளையே கொன்னவன்னு...

அக்கா: சொல்லட்டும். எழுது. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்.

தம்பி: ...சரி. எழுதறேன். அப்படியே அந்தத் தூக்கமூஞ்சிகிட்ட மன்னிப்பும் கேட்டுடறேன். அவன் பேச்சைக் கேட்டிருந்தா அம்மா இருந்திருப்பா.

அக்கா: கேக்காதே.

தம்பி: ஏன்க்கா?

அக்கா: அது நான்தான்டா. என் பேர்ல எழுதினா நீ சிரிப்பேன்னு... நீ தப்பில்லேன்னதும், தம்பிக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப்போகுதுன்னு வாயை மூடிக்கிட்டேன். தனி ரூம் ஒண்ணு காலியாத்தான் இருந்துச்சு. நான்தான் அம்மாவைக் கையைப் பிடிச்சு அந்த ஆறு கட்டில் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன்.