முதல் வரிசை பெஞ்சு

என் பெயர் ஸ்டெஃபானியா ஹ்ரின்சுக், வயது 63, கணவர் பெயர் திமித்ரோ. சஸ்காச்சுவான் மாகாணம், ஜெலெனா வட்டாரத்தில் எங்கள் பண்ணையில் குடியிருந்து வீட்டு வேலை பார்த்து வருகிறேன். எங்கள் புனித மிக்கேல் கோயிலின் விறகு நோட்டைப் பத்தொன்பது வருடமாக நான் எழுதி வருகிறேன்.

மேற்படி கோயிலைப் பனிக்காலத்தில் பூட்டுவதில்லை. புயலில் மாட்டியவர் உள்ளே போய் அடுப்பு மூட்டிக்கொள்ளலாம். எரித்ததையும் தன் பெயரையும் நோட்டில் எழுதவேண்டும். நவம்பரில் விறகுப் பெட்டியை நிரப்புவது என் பொறுப்பு.

1987 பிப்ரவரி 12, வியாழக்கிழமை காலை, புயல் ஓய்ந்த பிறகு, நானும் பாரம்பரியச் சங்கத் தலைவர் ஓரெஸ்ட் பபியுக்கும் கோயிலுக்குப் போனோம். சாலையோரம் ஒரு லாரி பனியில் புதைந்து நின்றது. உள்ளே அதன் ஓட்டுநர் கார்னெட் ஃபிளெட் அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். முதல் வரிசை பெஞ்சைக் காணவில்லை. அதன் கால் ஒன்று அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது.

"அடப்பாவி, எழுபத்தஞ்சு வருஷத்துப் பெஞ்சுய்யா! கோயில் கட்டினவங்க செஞ்சது!" என்று ஓரெஸ்ட் கத்தினார்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. பெட்டியில ஒரு சுள்ளிகூட இல்ல, கால் மரத்துப்போச்சு. சாமி படம் எதையும் தொடல. நோட்டுல எழுதிட்டேன்" என்றார் அவர். "கார்னெட் ஃபிளெட், ஒரு பெஞ்சு" என்று எழுதியிருந்தது. அதன் பிறகு ஓரெஸ்ட் உங்கள் போலீஸ் நிலையத்தில் அவர்மேல் புகார் கொடுத்தார்.

பெட்டி காலியாக இருந்தது என் தவறு. நவம்பரில் ஆண்டு விழாவுக்காகப் பழைய போட்டோக்களைத் துடைத்துக்கொண்டிருந்தவள், மறுநாள் நிரப்பலாம் என்று, நிரப்பாமலே "நிரப்பியது" என எழுதிவிட்டு மறந்துபோனேன்.

அதன் பிறகு, முன்பு யாராவது இப்படிச் செய்ததுண்டா என்று பார்க்க, கோயில் அலமாரியிலிருந்த பழைய நோட்டுகளை எடுத்தேன். 1922 ஜனவரியில் என் மாமனார் பெத்ரோவின் கையெழுத்து: "நானும் மனைவியும் கைக்குழந்தையும். விறகு தீர்ந்தது. முதல் பெஞ்சு. கோடையில் புதிது செய்து வைப்பேன்." அந்தக் கைக்குழந்தைதான் என் கணவர்.

ஓரெஸ்டிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "அப்ப நான் அன்னிக்குக் கத்தினது உங்க மாமனாரு செஞ்சு வெச்ச பெஞ்சுக்கா? அவரையும் சேத்துப் புடிக்கச் சொல்லவா, ஸ்டெஃபா?" என்று கேட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். புகாரைத் திரும்பப் பெற இன்று என்னுடன் வந்து வெளியே காத்திருக்கிறார்.

குற்றம் எழுதியே ஆகவேண்டுமென்றால் என் பெயரில் எழுதுங்கள். அன்று காலை நான் ஒரு பிணத்தைப் பார்த்திருக்க வேண்டியவள். வெறும் பெஞ்சு போன இடத்தைப் பார்க்கவைத்தார் கடவுள். அவருக்கும், எரிக்கத் துணிந்த அந்த மனிதருக்கும் நன்றி.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நோட்டில் பொய் எழுதிய அதே கையால், இதில் உள்ளது முழுவதும் உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஸ்டெஃபானியா ஹ்ரின்சுக்