சிக் வேகன்

வடாலாவில் ஹார்பர் லைன் ரயில் ஏறினேன். பெட்டியில் எனக்கு எதிரே, சரக்கு யார்டில் மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் இருவர். இளையவர் உட்கார்ந்திருந்தார். மூத்தவர் இடம் இருந்தும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு ஒரு வேகனுக்கு 'சிக்'னு சீட்டு ஒட்டிட்டானுவல."

"வேகனுக்கு என்ன சீக்கு அண்ணாச்சி, காய்ச்சலா?"

"சக்கரத்துல வெடிப்பு. தனி லைன்ல நிப்பாட்டியாச்சு. சரியாகுற வரைக்கும் பாரம் ஏத்தக் கூடாதாம்."

"குடுத்து வச்ச வேகன். ஒம்ம முதுகு வலிய மேஸ்திரிகிட்ட சொன்னீரா?"

"சொன்னா நாளைக்கு என் எடத்துல வேற ஆளு நிப்பான்."

வண்டி செம்பூரில் நின்று கிளம்பியது. பிறகு இளையவர் கேட்டார்.

"அந்த வேகன்ல இருந்த சிமெண்டு மூட்டைய எல்லாம் என்ன செஞ்சாவ?"

"பக்கத்து வேகனுக்கு மாத்தியாச்சு."

"எதுல மாத்துனாவ, கிரேன்லயா?"

"முதுகுலதாம்ல."