யன்னலைத் திறக்கத் தூக்கிய கை

லா ஷப்பேலில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற மனிதர் தன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"யன்னலைத் திறக்கச் சொல்லித்தானப்பா நான் கையைத் தூக்கினனான். உள்ளுக்கை மூச்சு முட்டிச்சுது."

"அவையள் அதை மற்றவருக்கு விழுந்த வோட்டெண்டு எண்ணிப்போட்டினமே!"

நகரசபைத் தேர்தலில் அந்தப் பகுதிக்கு யாரை நிறுத்துவது என்று கட்சிக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்திருக்கிறார்கள். மனைவியும் போட்டியிட்டு, ஒரே ஒரு வாக்கில் தோற்றிருக்கிறார்.

"பிறகு எனக்கும் தூக்கினியள். வந்த ஆக்கள் நாப்பது, வோட்டு நாப்பத்தொண்டு. நான் கத்தின பிறகுதான் திரும்ப எண்ண வெளிக்கிட்டவை."

"ஓம், அதுக்குள்ளை பாதிப் பேர் வீட்டை போட்டினம்."

"அதுதான் ஞாயிற்றுக்கிழமை திரும்ப வைக்கினம். இந்த முறை சீட்டிலை எழுதிப் போடுறது."

கணவர் குரலைத் தாழ்த்தினார். "கட்சிச் செக்ரெத்தேர் என்னோடை கதைச்சவர். கட்சிக்குள்ளை சண்டை வேண்டாமாம். உம்மை விலகச் சொல்லட்டாம்."

"மழைக்குள்ளை மாடி மாடியா ஏறி நோட்டீஸ் குடுத்தது நான். தோத்தது உங்கடை கையாலை. நான் ஏன் விலகவேணும்?"

பஸ் வந்து நின்றது. கணவர் ஏறாமல் தயங்கினார்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை நான் வரட்டோ, வேண்டாமோ?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாங்கோ. உங்கடை வோட்டு இல்லாமல் நான் எப்பிடி வெல்லுறது?"