பூங்கா பள்ளமாகவே இருக்கட்டும் என்ற ஆவுடையப்பன் அவர்களுக்கு

மழைக்கு இடம் கேட்ட மாண்பாளரே! மண்ணறிந்து மனமறிந்து மராமத்துப் பணி நடத்திய மேலோரே! பொருநைக் கரையில் பிறந்து, பொங்குகடல் ஓரத்தில் பணிநிறைவு காணும் எங்கள் ஓவர்சியர் ஆவுடையப்பன் அண்ணாச்சி அவர்களே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால், மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது நாங்கள் அறியாததல்ல. ஆகவே வேறு யாரோ ஓர் ஆவுடையப்பனின் கதை என்று எண்ணிக்கொண்டு, சற்று நாற்காலியிலேயே அமர்ந்திருக்க வேண்டுகிறோம்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த நாளில், ஊருக்கு மேற்கே நமது முத்துக்கரைக் குடியிருப்புச் சங்கம் வீடுகளைக் கட்டியது. நடுவே உப்புப் பூத்துக் கிடந்த பெரும் பள்ளத்தை நிரப்பிக் கடைகள் கட்டிவிடலாம் என்றது நிர்வாகக் குழு. ஆவுடையப்பன் ஒருவர்தான் எழுந்து நின்றார்.

“ஐப்பசியில பெய்யுத மழை எங்கயாவது உக்காந்துதான் போவும். நாம இடம் குடுக்கலன்னா, அதுவா வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிடும்” என்றார்.

மல்லுக்கட்டித்தான் ஜெயித்தார். பள்ளம் பள்ளமாகவே பூங்கா ஆயிற்று. உள்ளே கோரையும் அறுகும், கரையில் பூவரசும், ஓய்வு நெருங்கிய நாளில் புன்னைக் கன்றுகளும் வைத்தார். தெருக் கால்வாய்களை எல்லாம் அதற்குள் திருப்பினார். இறங்கிப் போகிற பூங்காவை எந்த ஊரில் கண்டீர்கள் என்று கேலி பேசாதவர் இல்லை, நாங்களும் பேசினோம். ஆனால் மழைக்காலம் தோறும் தண்ணீர் அங்கே தங்கி, மெல்ல மண்ணில் சுவறி வடிந்தது. கடைசி வரிசை வீட்டு வாசல்கூட நனையவில்லை. கேலி பேசிய வாய்களும் நாளடைவில் ஓய்ந்தன.

அப்படிப்பட்டவருக்குப் பிரிவுபசார விழா வந்தது. அதை அவர் வளர்த்த பூங்காவிலேயே நடத்துவது என்று ஆசைப்பட்டோம். அங்கேதான் எங்கள் புத்தி கெட்டது.

“அண்ணாச்சியப் பள்ளத்துல உக்கார வச்சு மாலை போட்டா நல்லாவா இருக்கும்?” என்றார் மேஸ்திரி பொன்னுதுரை. ஆவுடையப்பன் பென்ஷன் வேலையாகத் திருநெல்வேலிக்குப் போயிருந்த சமயம் பார்த்து, டிரைவர் ரோச் லாரி லாரியாகத் தேரிக்காட்டுச் செம்மண் கொண்டுவந்து கொட்டினார். கால்வாய் வாய்களை அடைத்து, ரோலர் ஓட்டி, பள்ளத்தைச் சாலை மட்டத்துக்கு உயர்த்திப் பந்தலும் போட்டோம். அவருக்குச் செய்யும் மரியாதை என்றே நம்பினோம்.

திரும்பி வந்த ஆவுடையப்பன் பந்தல் ஓரத்தில் நின்றார். அவர் கண் அடைபட்ட கால்வாய் வாய்க்குப் போயிற்று. பிறகு பொன்னுதுரையின் முகத்துக்கு வந்தது. அந்த முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்ததும் நாக்கு நுனிவரை வந்த சொல்லை அவர் விழுங்கிவிட்டார். விழா முடியட்டும், மறுநாளே அள்ளிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாராம்.

“நல்லாத்தாம்யா இருக்கு” என்றார்.

மழை அதுவரை காத்திருக்கவில்லை. அவர் திரும்பி வந்த மறுநாள் காலையில், விழாவுக்கு முன்பே பிடித்துக்கொண்ட மழையில், கடைசி வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சங்கரம்மாள் வியாபாரத்துக்கு அடுக்கி வைத்திருந்த கருப்பட்டி அத்தனையும் கரைந்து, வீடு முழுக்கப் பானகமாக ஓடியது. அந்த அம்மாள் எங்களைத் திட்டவில்லை. ஆவுடையப்பனைப் பார்த்துத்தான் அழுதாள்.

“நீங்க பாத்துக்கிடுவியன்னுதான அண்ணாச்சி, பயமில்லாமத் தரையில வச்சிருந்தேன்!”

ஆவுடையப்பன் வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். “அன்னைக்கே நான் வாயத் தொறந்திருக்கணும்” என்று முதல் வெட்டோடு சொன்னதை, பக்கத்தில் நின்ற பொன்னுதுரை இன்னும் மறக்கவில்லை. பந்தலைப் பிரித்து எறிந்துவிட்டு, பணியாளர்கள் அத்தனை பேரும் அவர் பின்னால் இறங்கினோம்.

அண்ணாச்சி! இனி தங்களிடமே பேசுகிறோம். கொட்டிய மண்ணை அள்ளிவிட்டோம். ரோலருக்கு அடியில் போன புன்னைக் கன்றுகளைத்தான் எங்களால் திருப்பித் தர முடியவில்லை. ஓய்வுக்காலத்தில் தாங்கள் உட்கார்ந்திருக்க வேண்டிய நிழல் அது. தங்கள் மேல் வைத்த அன்பாலேயே அதை அழித்தோம் என்ற வருத்தம், சட்டம் போட்ட இந்த மடலைக் கையில் தரும்போதும் எங்களை விட்டு நீங்கவில்லை. புதுக் கன்றுகள் வைப்போம்; அவை பூத்து உதிர்வதைக் காணும் மட்டும் நோயின்றி, நொடியின்றி, நிறைவாழ்வு தாங்கள் வாழ வேண்டும்!

விடைபெறுகிறவரை வீடுவரை ஊர்வலமாக அழைத்துப் போவது நம் வழக்கம். பந்தல் இல்லாமல் சங்க வராந்தாவில் நின்று வாசிக்கும் இம்மடல் முடிந்ததும் புறப்படுவோம். பூங்கா வழியாகத்தான் போகிறோம்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. அங்கே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது.

இங்ஙனம்,
கொட்டிய மண்ணைத் தாமே அள்ளிய
மராமத்துப் பிரிவுப் பணியாளர்கள்,
முத்துக்கரைக் குடியிருப்புச் சங்கம், தூத்துக்குடி.
கார்த்திகை, 1978