எலெயுதேரியோ பிக்கப் விக்கிறார்

...வெளியில பாத்து எட போடாதீங்கண்ணே, அதான் நான் சொல்றது. டீசல் எஞ்சின், உள்ள சிங்கம் மாதிரி கெடக்கு. போன வாரம் வந்தவன் வந்ததும் வராததுமா பெயிண்ட்டத் தடவித் தடவிப் பாத்தான். பெயிண்ட்டா மரவள்ளி மூட்டைய இழுக்கப் போவுது? இந்தாங்க, தெரெரே குடிங்க, ஐஸ் போட்ட மூலிக டீ, ஜில்லுன்னு இருக்கு.

வண்டி இப்ப வீட்டுக்குப் பின்னாடி நிக்கிது. வரும்போதே பாத்திருப்பீங்க... பானெட்டுல குழி குழியா. அது மாங்கா விழுந்தது. மரத்தடியில நிறுத்தாத, நிறுத்தாதன்னு என் வீட்டுக்காரி நிமியா தொண்ட கிழியக் கத்துவா. வெயில்ல நிறுத்துனா சீட்டு கொதிக்குமே, அதுக்கு யாரு பதில் சொல்றது? ஆனா ஒண்ணு, அந்த வருசம் மாங்கா பொறுக்க நாங்க குனியவே இல்ல.

இடது பக்கம் கோடு கோடா இருக்கறது மச்சினன் வேலி. பின்னால எடுக்கறப்ப அவன் 'வா, வா'ன்னான், வந்தேன். 'நில்லு'ன்னும் சொன்னானாம். நான் ரேடியோல மேட்ச் கேட்டுக்கிட்டிருந்தேன், எனக்கு எப்படிக் கேக்கும்?

கூரையில பள்ளம்... அது சான் ஹுவான் திருவிழால ஆனது. ஹார்ப் வாசிக்கிற வெனான்சியோவ மேல ஏத்தி உக்கார வெச்சோம். ஹார்ப்பு லேசுதான். வெனான்சியோதான்... நல்ல மனுசன், கொஞ்சம் சாப்பாட்டுப் பிரியர். மூணாவது பாட்டுல கூரை உள்ள எறங்கிடுச்சு. மழ பெஞ்சா அதுல கோழி தண்ணி குடிக்கும்.

மறைக்காமச் சொன்னா வீட்ல கெட்ட பேரு. வண்டி வாங்க வந்தவங்களையெல்லாம் பேசியே வெரட்டிட்டேனாம். "எலெயுதேரியோ, இந்தத் தடவ நீ வாயத் தொறக்காம மரத்தடியில உக்காரு"ன்னா நிமியா. உக்காந்தேன். நீங்களாத்தான் வந்து பக்கத்துல உக்காந்தீங்க, பேசாம இருந்தா மரியாதையா இருக்குமா?

நெசமாச் சொன்னா எனக்கு விக்க மனசே இல்லண்ணே. முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியல, அதான் வித்துடணும்னு அவ ஒத்தக் கால்ல நிக்கிறா. வண்டி இல்லாம காலைல எழுந்து நான் என்னத்தப் பண்றது?

...இருங்க. சத்தம் கேட்டுச்சா? ஒரே திருகுல கிளம்புது பாத்தீங்களா, நான் சொல்லல?

ஆமா, யாரு கிளப்புறது? நிமியாவுக்கு ஓட்டத் தெரியாதே.

என்னது... வண்டி வாங்க வந்தது நீங்க இல்லையா? உங்க சித்தப்பா மகனா? 'எங்காளு பேச்சக் கேக்க, கூடவே ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க'ன்னு நிமியாவே போன் பண்ணாளா?

அதோ, ரோட்டுல ஏறிட்டாரு. ரெண்டாவது கியர்ல எடுக்கறாரு பாருங்க, பாவம் வண்டி. நிமியா கையாட்டுறத பாருங்க... கல்யாணத்தன்னிக்குக்கூட அவ மொகத்துல இப்படி ஒரு சிரிப்ப நான் பாக்கல.

ஆனா... உங்கள ஏத்திக்காமப் போறாரே? கூப்பிடாதீங்கண்ணே, அந்த எஞ்சின் சத்தத்துல காது கேக்காது. வியாரிக்கா போற பஸ் இனிமே நாளைக்குத்தான். எந்திரிக்காதீங்க, உக்காருங்க.

பழைய டிராக்டர் ஒண்ணும் இருக்குது. அதப் பத்தி நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே.