கம்ப்யூட்டருக்குக் கண்ணு இருக்கா?

ஹலோ... ஆமா, நான்தான். கடையிலேர்ந்து பேசுறேன்... பேசமாட்டேன்னு சொன்னேன்தான். இப்பவும் உங்ககூடப் பேசல, வாங்க வந்த ரிமோட்டுக்காகப் பேசுறேன். அது வேற, இது வேற.

கேளுங்க. ஹால்ல டிவியோட கோத்து வெச்சிருக்கீங்களே ஒரு பழைய கம்ப்யூட்டர், அதுக்குக் கண்ணு இருக்கா?... கண்ணு... உங்கள இல்லங்க, உங்கள எதுக்கு நான் கண்ணுன்னு கூப்பிடப் போறேன்? கடைக்காரர் கேக்குறாரு. ரிமோட்டு வெளிச்சத்தப் பிடிக்க முன்பக்கம் கறுப்பா பொட்டு மாதிரி ஒண்ணு இருக்குமாம்... போய்ப் பாருங்க, இருக்கேன்...

ம்... என்ன சத்தம்?... தலைய இடிச்சுக்கிட்டீங்களா? பாத்து. கண்ணு தெரியலையான்னு நான் கேக்கமாட்டேன். அது உங்க வசனம்.

ஆமா... ஆமா, நேத்து நடந்ததத்தான் சொல்றேன். சோபாவுல போர்வைக்கு அடியில கீபோர்டப் போட்டு வெச்சது நீங்க. அது தெரியாம உக்காந்தது நான். கொலைகாரன் யாருன்னு சொல்ல அந்தாளு வாயத் தொறக்குறான், ஏதோ பட்டன் அமுங்கிப் படமே காணாமப் போச்சு. அதுக்கு உங்க அக்கா முன்னாடி, 'உனக்குக் கண்ணு தெரியலையா'ன்னு... விளையாட்டா? அக்கா சிரிச்சாங்க, சரி, அவங்க வந்த இடத்துல சிரிக்கட்டும். நீங்களும் சேந்துல்ல சிரிச்சீங்க. அதான் வலிச்சுது...

சரி விடுங்க. கண்ணு இருக்கா, இல்லையா?... இல்லையா... இல்லையாம் சார்... ஆங்... சரி சார்... இருந்தாலும் பிரயோஜனமில்லையாம். நீங்கதான் அத அலமாரிக்குள்ள வெச்சுக் கதவச் சாத்திட்டீங்களே. மரத்தத் தாண்டி வெளிச்சம் போகாதாம்.

இன்னொரு ரகம் இருக்காம். ரிமோட்டுகூட மூக்குத்தி பெருசுல ஒரு துண்டு வரும், அதக் கம்ப்யூட்டர்ல சொருகிட்டாப் போதும். கதவு சாத்தியிருந்தாலும் ரிமோட்டு வேலை செய்யுமாம். சொருக ஓட்டை காலியா இருக்கா?... மத்ததெல்லாம் போச்சா? ரெண்டுதான் வேலை செய்யுதா?... ஒண்ணுல என்னோட குட்டி ஃபேன். இன்னொண்ணுல?... கீபோர்டு. அப்பிடியா.

நான் ஒண்ணும் சொல்லல. எதப் புடுங்குறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க... எழுத்துத் தட்டணும்னா ரிமோட்டுக்குப் பின்பக்கமே குட்டிக் குட்டியா எழுத்தெல்லாம் இருக்குது, கையில வெச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்... யோசிங்க. கடைக்காரர் அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டாரு...

ஹலோ?... இருக்கீங்களா?... என்ன, கீபோர்டப் புடுங்கிட்டீங்களா? நெஜமாவா?... ம்... என்னது? கண்ணா? அதான் இல்லைன்னு பாத்துச் சொல்லிட்டீங்களே. திரும்ப என்ன கண்ணு, கண்ணுன்னு...

...

ஓ. என்னையா?

...ம்... ம்... போதும், போதும். இதெல்லாம் யாரும் இல்லாதப்ப நல்லா வரும் உங்களுக்கு... அக்கா பக்கத்துலயா? கேட்டுக்கிட்டா இருக்காங்க?... அப்பன்னா இன்னொரு தடவ சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா.

...

ம். கேட்டுச்சு... சிரிக்கிறாங்களா? சிரிக்கட்டும், இப்ப நானும் சிரிக்கிறேன்...

சார், இதையே குடுத்துடுங்க, பேட்டரியும் சேத்து...

இதோ கெளம்பிட்டேன். அக்காவ இருக்கச் சொல்லுங்க. நான் வர்ற வரைக்கும் அந்தப் படத்தத் தொடாதீங்க, கொலைகாரன் யாருன்னு சேந்து பாத்துக்கலாம்... ம்... வெக்கிறேன், கண்ணு.